ஒரு ரயில் பெட்டிக்கு 27.86 கோடி ரூபாயா? புல்லட் ரயில் பெட்டிக்குள் அப்படி என்னதான் இருக்கு? ஜப்பான், பிரான்ஸ், ஜெர்மனி சொல்லும் கதை

புல்லட் ரயில் என்றதும் நம்ம கண் முன்னாடி வருவது அந்த நீளமான மூக்குதான். வீடியோவிலும் அதைத்தான் காட்டுவாங்க. மூக்குக்குப் பின்னால் வரிசையாக வரும் பெட்டிகளை யாரும் பெரிசா கவனிப்பதில்லை. ஆனால் ஒரு அதிவேக ரயிலில் பணம் செலவாகும் இடமும், உயிரைக் காப்பாற்றும் இடமும் பெரும்பாலும் அந்தப் பெட்டிகள்தான்.

இப்போ இதைப் பேசக் காரணம் இருக்கிறது. 2024 அக்டோபரில் சென்னை பெரம்பூரில் உள்ள ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, பெங்களூருவின் பொதுத்துறை நிறுவனமான பி.இ.எம்.எல்.லுக்கு ஒரு ஆர்டர் கொடுத்தது. தலா 8 பெட்டிகள் கொண்ட 2 அதிவேக ரயில்கள். மணிக்கு 280 கி.மீ. வேகத்துக்கான டிசைன். ஒரு பெட்டியின் விலை 27.86 கோடி ரூபாய். மொத்த ஒப்பந்த மதிப்பு 866.87 கோடி.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. 16 பெட்டி, ஒவ்வொன்றும் 27.86 கோடி என்றால் சுமார் 446 கோடிதான் வருது. மீதி 421 கோடி எங்கே? டிசைன், ஒருமுறை மட்டும் ஆகும் மேம்பாட்டுச் செலவு, தயாரிப்புக் கருவிகள், சோதனை வசதிகள் எல்லாம் அதில் அடக்கம் என்கிறது பி.இ.எம்.எல். அதாவது கிட்டத்தட்ட பாதிப் பணம் பெட்டிக்கு இல்லை. இப்படி ஒரு பெட்டியைச் செய்யக் கற்றுக்கொள்வதற்கு.

இவ்வளவு கற்றுக்கொள்ள ஒரு பெட்டியில் என்ன இருக்கு? உலக நாடுகள் இதை எப்படிக் கற்றுக்கொண்டன? சில நாடுகள் என்ன விலை கொடுத்தன? பார்க்கலாம்.

இழுப்பது யார்?

நம்ம ஊர் எக்ஸ்பிரஸ் ரயிலில் முன்னால் ஒரு இன்ஜின் இருக்கும். அது இழுக்கும், பின்னால் இருக்கும் பெட்டிகள் சும்மா உருண்டு வரும். 1964 அக்டோபர் 1-ம் தேதி டோக்கியோ - ஷின் ஒசாகா இடையே ஷிங்கான்சென் ஓட ஆரம்பித்தபோது ஜப்பான் இந்த முறையையே தூக்கிப் போட்டது. தனி இன்ஜினே கிடையாது. எல்லாப் பெட்டிக்கும் கீழே மோட்டார். அன்றைக்கு அதன் வேகம் மணிக்கு 210 கி.மீ.

ஏன் இப்படி? முழு சக்தியையும் ஒரே இன்ஜினில் வைத்தால் அது கனமாகும். கனமான சக்கரம் அந்த வேகத்தில் தண்டவாளத்தையும் அதைத் தாங்கும் மண்ணையும் அடித்து நொறுக்கும். சுமையைப் பெட்டிகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் எந்தச் சக்கரத்துக்கும் அதிக பாரம் வராது. பிரேக் பிடிப்பதும் அப்படித்தான். எல்லா மோட்டாரும் சேர்ந்து ரயிலை நிறுத்தும்.

பிரான்ஸ் வேறு வழியில் போனது. 1981-ல் பாரிஸ் - லியோன் பாதையில் வந்த டி.ஜி.வி. ரயிலில் முன்னால் ஒரு இன்ஜின், பின்னால் ஒரு இன்ஜின், நடுவில் பெரும்பாலும் மோட்டார் இல்லாத பெட்டிகள். பயணிகளுக்குக் கீழே மோட்டார் சத்தம் கிடையாது, பராமரிப்பும் எளிது என்பது அவர்கள் வாதம். அதில் இன்னொரு தந்திரமும் இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன், ஏன்னா அதுதான் ஒரு நாள் நிறைய பேரைக் காப்பாற்றியது.

இன்றைக்குப் பெரும்பாலான நாடுகள் ஜப்பான் பக்கம் சாய்ந்துவிட்டன. ஜெர்மனியின் ஐ.சி.இ.-3, சீனாவின் ஃபூசிங் எல்லாமே பெட்டிக்குக் கீழே மோட்டார் வைத்தவை. நம்ம வந்தே பாரத்தும் இதே குடும்பம்தான். 16 பெட்டியில் பாதிக்கு மோட்டார் உண்டு.

'போகி' என்றால் பெட்டி இல்லை!

ஒரு வார்த்தைக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம்ம ஊர்ல 'எஸ்-5 போகி எங்க நிக்கும்?'னு கேட்போம். பெட்டியைத்தான் சொல்றோம். ஆனால் ரயில்வே தொழிலில் போகி என்பது பெட்டிக்கு அடியில் இருக்கும் சக்கர வண்டி. இரும்புச் சட்டம், அதில் இரண்டு அச்சு, நான்கு சக்கரம், ஸ்பிரிங், பிரேக், சிலவற்றில் மோட்டார். ஒரு பெட்டிக்குப் பொதுவாக இரண்டு போகி. பெட்டி அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

அதிவேக ரயிலின் தலையெழுத்து இந்தப் போகியில்தான் இருக்கு. வேகம் கூடக் கூட ரயில் சக்கரங்கள் தண்டவாளத்தில் இடமும் வலமுமாக, பாம்பு நெளிவது மாதிரி ஆடப் பார்க்கும். ஒரு வேகத்தைத் தாண்டினால் அந்த ஆட்டம் அடங்காமல் வளரும். அதை அடக்கப் போகிக்கும் பெட்டிக்கும் இடையே அதிர்வுத் தாங்கிகள் வைப்பாங்க. எவ்வளவு இறுக்கமாக வைப்பது என்பதுதான் சிக்கல். ரொம்ப இறுக்கினால் வளைவில் திரும்பாது, தளர்த்தினால் நேர்ப் பாதையில் ஆடும். 160 கி.மீ. ஓடும் போகியை எடுத்துக் கொஞ்சம் பெரிய மோட்டார் வைத்தால் 280 ஓடிவிடாது. கற்றுக்கொள்ளும் செலவில் ஒரு நல்ல பங்கு இங்கேதான் போகும்.

970 டன்னிலிருந்து 710 டன்னுக்கு

ஷிங்கான்சென்னின் முதல் தலைமுறையான 0 சீரிஸ், 16 பெட்டியோட சுமார் 970 டன். இரும்பு உடம்பு. 1992-ல் வந்த 300 சீரிஸ் அதே 16 பெட்டிக்குச் சுமார் 710 டன்தான். சீட் எண்ணிக்கை கிட்டத்தட்ட அதே. 260 டன் எங்கே காணாமல் போச்சு?

உடம்பை அலுமினியத்துக்கு மாற்றினாங்க. போகியில் இருந்த ஒரு பெரிய குறுக்குச் சட்டத்தையே எடுத்துட்டாங்க. மோட்டார் வகையை மாற்றினதில் அது சின்னதாச்சு. கூரை மேல் இருந்த ஏ.சி. யூனிட்டை அடிப்பகுதிக்கு இறக்கினாங்க. கூரை உயரமும் குறைந்தது. விளைவு, வேகம் 270 கி.மீ. ஆனது, பாதைக்கு அதிர்வும் குறைந்தது. அந்தப் பாதையின் இரண்டு பக்கமும் வீடுகள் நெருக்கமாக இருக்கு. சத்தமும் அதிர்வும் அங்கே நீதிமன்றம் வரை போன விவகாரம்.

அதற்கு அப்புறம் வந்த அலுமினியப் பெட்டிகளின் சுவரை வெட்டிப் பார்த்தால் நம்ம அட்டைப்பெட்டி அட்டை மாதிரி இருக்கும். வெளியே ஒரு தகடு, உள்ளே ஒரு தகடு, நடுவில் சாய்வாக நிற்கும் விலா எலும்புகள். பெட்டி நீளத்துக்கு ஒரே பட்டையாக இழுத்துச் செய்து, பக்கத்தில் பக்கம் வைத்து வெல்டிங் பண்ணுவாங்க. எடை குறைவு, சத்தமும் உள்ளே வராது. என்.700 ரயிலில் ஜன்னல் ஏன் விமானத்து ஜன்னல் மாதிரி சின்னதா இருக்குன்னு பயணிகள் முணுமுணுப்பதுண்டு. அதுவும் எடைக்காகத்தான். கண்ணாடி கனமான பொருள்.

அமெரிக்காவில் கதை தலைகீழ். அங்கே அதிவேக ரயிலும் சரக்கு ரயிலும் ஒரே தண்டவாளத்தில் போகும். மோதினால் நொறுங்கக் கூடாது என்று பெட்டிகள் கடும் வலுவோட இருக்கணும்னு விதி. 2000-ம் ஆண்டு டிசம்பரில் ஓட ஆரம்பித்த அசெலா ரயில் அதனாலேயே ஐரோப்பிய உறவினர்களைவிடக் கணிசமாக கனமாகப் போனது. ஜப்பான் பக்கம் நின்று பார்த்தால் இது விசித்திரமா தெரியும். அவர்கள் ஷிங்கான்சென்னுக்குத் தனிப் பாதை போட்டு, லெவல் கிராஸிங்கே இல்லாமல் செய்து, மோதலே நடக்காதபடி பார்த்துக்கொண்டாங்க. அதனால்தான் பெட்டியை லேசாகச் செய்ய முடிந்தது. வேலி இல்லாத பாதையில் மாடு மோதி வந்தே பாரத்தின் மூக்கு உடைந்த படங்களை 2022-ல் பார்த்திருப்பீங்க. பாதை எப்படியோ, பெட்டி அப்படி.

காது அடைக்குமே, அதுக்கு என்ன செய்றாங்க?

ரயில் 200 கி.மீ.க்கு மேல் வேகத்தில் ஒரு சுரங்கப்பாதைக்குள் நுழைந்தால், ஊசிக்குள் பிஸ்டன் போவது மாதிரி முன்னால் இருக்கும் காற்றை அழுத்தும். அந்த அழுத்த அலை சுரங்கத்தின் மறுமுனைக்குப் போய் திரும்பி வரும். எதிரே இன்னொரு ரயில் வந்தால் கேட்கவே வேண்டாம். 1960-களில் ஜப்பானின் சோதனை ஓட்டங்களிலேயே இது தெரிந்துவிட்டது. உள்ளே இருந்தவர்களுக்குக் காதில் வலி.

தீர்வு, பெட்டியையே விமானம் மாதிரி காற்றுப் புகாமல் அடைப்பது. கேட்க எளிதா இருக்கு. ஆனால் ஒரு ரயில் பெட்டியில் எத்தனை ஓட்டை இருக்குன்னு யோசிங்க. கதவு, ஜன்னல், இரண்டு பெட்டிக்கு இடையே நடந்து போகும் வழி, கழிவறைக் குழாய், ஏ.சி.க்குக் காற்று வரும் வழி, தரையில் கேபிள் போகும் துளைகள். எல்லாவற்றையும் அடைக்கணும். அதே சமயம் பயணிகள் மூச்சுவிட வெளிக்காற்றும் வரணும். அதனால் வெளி அழுத்தம் எப்படி ஏறி இறங்கினாலும் உள்ளே சீராகக் காற்றைத் தள்ளும் சக்திவாய்ந்த மின்விசிறிகள் வைக்கிறாங்க.

இன்னொரு பிரச்னை இருக்கு. அடைத்த பெட்டி ஒவ்வொரு சுரங்கத்திலும் கொஞ்சம் நசுங்கி, கொஞ்சம் விரியும். ஒரு நாளைக்குப் பல நூறு தடவை, பல வருஷத்துக்கு. கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கிட்டே இருந்தால் ஒரு கட்டத்தில் உடையுமே, அதே பயம்தான். ஆகவே உடம்பு லேசாகவும் இருக்கணும், களைத்தும் போகக் கூடாது.

508 கி.மீ. நீள மும்பை - அகமதாபாத் பாதையில் 21 கி.மீ. சுரங்கம் வருகிறது. அதில் 7 கி.மீ. தானே கழிமுகத்துக்கு அடியில். திறந்த ஜன்னல் வழியே டீ வாங்கிக் குடித்த பழைய ஐ.சி.எஃப். நீலப் பெட்டிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. செய்வது அதே பெரம்பூர் வளாகம் தொடர்புடைய திட்டம் என்பதுதான் ஆச்சரியம்.

ஒரு சாப்பாட்டுப் பெட்டியின் அதிர்வும் 101 உயிர்களும்

இனி கொஞ்சம் கனமான பகுதி.

ஜெர்மனியின் ஐ.சி.இ. ரயில் 1991-ல் ஓட ஆரம்பித்தது. சொகுசு என்றால் அது. ஆனால் ஒரு புகார் வந்தது. வேகத்தில் போகும்போது அதிர்வு, குறிப்பாகச் சாப்பாட்டுப் பெட்டியில் தட்டும் கோப்பையும் கடகடவென ஆடுது. அப்போது இருந்தவை ஒரே வார்ப்பாகச் செய்த சக்கரங்கள். அதிர்வைக் குறைக்கச் சக்கரத்தை மாற்றினாங்க. உள்ளே ஒரு சக்கரம், அதைச் சுற்றி ரப்பர் வளையம், அதற்கு மேல் இரும்புப் பட்டை. டிராம் வண்டிகளில் பழகிய முறை. அதிர்வு குறைந்தது, பயணிகள் சந்தோஷப்பட்டாங்க.

1998 ஜூன் 3. மியூனிக்கிலிருந்து ஹாம்பர்க் போய்க்கொண்டிருந்த ரயில், வேகம் சுமார் 200 கி.மீ. எஷெடே என்ற சின்ன ஊருக்குச் சில கிலோமீட்டர் முன்னால், முதல் பெட்டியின் ஒரு சக்கரத்தில் அந்த வெளிப் பட்டை உடைந்தது. சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் பட்டை கொஞ்சம் நெளியும். அப்படி நெளிந்து நெளிந்து உள்பக்கத்தில் விரிசல் வளர்ந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடம்.

உடைந்த பட்டை பெட்டியின் தரையைக் குத்திக்கொண்டு சீட்டுகளுக்கு நடுவே மேலே வந்தது. அங்கே இருந்த ஒரு பயணி எழுந்து போய் ரயில் ஊழியரைக் கூட்டிவந்தார். நிறுத்துவதற்கு முன் நேரில் பார்க்க வேண்டும் என்பது ஊழியரின் நிலை. அவர் வருவதற்குள் ரயில் எஷெடேயில் தண்டவாளம் பிரியும் இடத்துக்கு வந்துவிட்டது. தொங்கிய பட்டை அங்கே சிக்கியது. பின்பெட்டிகள் பக்கத்துத் தண்டவாளத்துக்குத் தாவின. மூன்றாவது பெட்டி ஒரு சாலை மேம்பாலத்தின் தூணில் மோத, பாலமே பின்னால் வந்த பெட்டிகள் மேல் விழுந்தது. 101 பேர் இறந்தாங்க.

மீட்புக்குப் போனவர்கள் இன்னொன்றையும் சந்தித்தாங்க. காற்றழுத்தத்தைத் தாங்கச் செய்த ஜன்னல் கண்ணாடிகள் எளிதில் உடையவில்லை. காதைக் காப்பாற்ற வைத்த கண்ணாடி, உள்ளே போக விடாமல் தடுத்தது.

அந்த ரக சக்கரங்கள் அதிவேக ரயில்களிலிருந்து நீக்கப்பட்டு, மறுபடியும் ஒரே வார்ப்புச் சக்கரம் வந்தது. பொறியாளர்கள் 3 பேர் மீது வழக்கு நடந்தது. 2003-ல் தலா 10,000 யூரோ செலுத்தும் நிபந்தனையோடு வழக்கு முடித்துவைக்கப்பட்டது. யாருக்கும் தண்டனை இல்லை. இறந்தவர்களின் குடும்பங்கள் இதை ஏற்கவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

என் பார்வையில் எஷெடே சொல்வது இதுதான். அந்த மாற்றத்தைச் செய்தது அலட்சியமான ஆளுங்க இல்லை. பயணிகளின் வசதிக்காக ஒரு பொருளை மாற்றினாங்க. ஆனால் அந்தப் பொருள் 200 கி.மீ. வேகத்தில், லட்சக்கணக்கான கிலோமீட்டருக்குப் பிறகு எப்படி உடையும், உடைவதற்கு முன் எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்விக்கு உறுதியான பதில் இல்லாமல் ஓட்டினாங்க.

ஜப்பான்லயுமா? இன்னும் 3 செ.மீ. போயிருந்தால்...

ஷிங்கான்சென்னில் மோதியோ தடம் புரண்டோ ஒரு பயணிகூட இறந்ததில்லை. 60 வருஷ சாதனை. 2004-ல் நிகாட்டா நிலநடுக்கத்தில் சுமார் 200 கி.மீ. வேகத்தில் போன ரயிலின் 10 பெட்டியில் 8 தடம் புரண்டும், யாருக்கும் காயம்கூட இல்லை. அதனால் அங்கே எதுவுமே தப்பாகாதுன்னு ஒரு நம்பிக்கை உண்டு.

2017 டிசம்பர் 11 அந்த நம்பிக்கையை ஆட்டியது. ஹகாட்டாவிலிருந்து டோக்கியோ கிளம்பிய நோசோமி ரயிலில் தீய்ந்த வாடை, வித்தியாசமான சத்தம். ஊழியர்கள் கவனிச்சாங்க. நடுவில் பராமரிப்பு ஆட்கள் ஏறிப் பார்த்து, நிறுத்திச் சோதிக்கலாம்னு சொன்னாங்க. அந்தப் பேச்சு கட்டுப்பாட்டு அறையில் சரியாகப் போய்ச் சேரவில்லை. ரயில் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் நகோயாவில் நிறுத்திப் பார்த்தால், 13-வது பெட்டியின் போகிச் சட்டத்தில் பெரிய விரிசல். இன்னும் சுமார் 3 செ.மீ. மட்டும்தான் ஒட்டிக்கொண்டிருந்தது.

காரணம் என்ன தெரியுமா? அந்தச் சட்டத்தின் இரும்புத் தகடு குறைந்தது 7 மி.மீ. தடிமன் இருக்கணும். தயாரித்த கவாசாகி நிறுவனத்தின் தொழிற்சாலையில், வேறொரு பாகம் சரியாகப் பொருந்துவதற்காக அதைத் தேய்த்திருக்காங்க. சில இடத்தில் வெறும் 4.7 மி.மீ. தேய்த்த தொழிலாளிக்கு அந்தத் தடிமன் எவ்வளவு முக்கியம்னு சொல்லப்படவில்லை. ஷிங்கான்சென் வரலாற்றில் 'கடுமையான சம்பவம்' என்று அதிகாரபூர்வமாக வகைப்படுத்தப்பட்ட முதல் நிகழ்வு இது.

2.3 மில்லிமீட்டர். உள்ளே ஆயிரம் பேர் உட்காரும் ரயில்.

பிரான்ஸின் அந்தத் தந்திரம்

முன்னாடி சொல்றேன்னு சொன்ன விஷயத்துக்கு வருவோம். சாதாரணமா ஒரு பெட்டிக்கு இரண்டு போகி. டி.ஜி.வி.யில் இரண்டு பெட்டிகள் சந்திக்கும் இடத்தில் ஒரே போகி, அதை இரண்டு பெட்டியும் பங்கு போட்டுக்கொள்ளும். முழு ரயிலும் முதுகெலும்பு மாதிரி ஒரே கோர்வை. எடையும் மிச்சம். குறை என்னன்னா, ஒரு பெட்டி கெட்டுப்போனால் அதை மட்டும் சட்டுனு கழற்ற முடியாது. ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போகணும்.

1993 டிசம்பர் 21, வடக்கு பிரான்ஸ். முதல் உலகப் போரில் தோண்டிய பதுங்குகுழி ஒன்று பாதைக்கு அடியில் மறந்து கிடந்தது. தொடர் மழையில் மண் இறங்கிப் பள்ளம் விழுந்தது. 294 கி.மீ. வேகத்தில் வந்த டி.ஜி.வி. தடம் புரண்டது. தனித்தனிப் பெட்டியாக இருந்திருந்தால் அவை ஒன்றின் மேல் ஒன்று மடிந்து ஏறியிருக்கும். இது கோர்வையாக நிமிர்ந்தபடியே சறுக்கிக்கொண்டு போய் நின்றது. உயிரிழப்பு இல்லை.

ஸ்பெயினின் டால்கோ இதையே இன்னும் தீவிரமாகச் செய்தது. குட்டையான பெட்டிகள், இரண்டுக்கு நடுவே ஒரு ஜோடி சக்கரம் மட்டும். 2016-ல் இந்தியாவில் சோதனை ஓட்டம் நடத்தி, டெல்லி - மும்பை தூரத்தை 12 மணி நேரத்துக்குள் கடந்தது இந்த வகைதான். அதோட அதிவேகத் தம்பியில் நம்ம ஆட்கள் நிறைய பேர் ஏறியிருப்பாங்க. 2018-ல் திறந்த மெக்கா - மதீனா ஹரமைன் ரயில், 300 கி.மீ. வேகம், டால்கோ பெட்டிகள்தான். ஹஜ், உம்ரா போய்வந்தவங்களைக் கேட்டுப் பாருங்க.

சீட் எத்தனை? இதுதான் டிக்கெட் விலை

வேகத்துக்கு ஆசைப்பட்டு சீட்டில் தோற்ற கதை ஒன்று உண்டு. 1997-ல் ஜப்பானில் வந்த 500 சீரிஸ், 300 கி.மீ. வேகம். மீன்கொத்தியின் அலகைப் பார்த்துச் செய்த 15 மீட்டர் மூக்கு, உருளையான மெல்லிய உடம்பு. இன்றைக்கும் அழகான ரயில் எதுன்னு கேட்டால் பலர் அதைத்தான் சொல்வாங்க. ஆனால் உடம்பு உருண்டையானதால் ஜன்னலோர சீட்டில் தலைக்கு மேல் இடிக்கும். மூக்கு நீண்டதால் முதல் பெட்டியில் இடம் போச்சு. மற்ற ரயில்களோட சீட் அமைப்பு ஒத்துப்போகவில்லை, ஒன்று பழுதானால் இன்னொன்றை மாற்றி விட முடியாது. 2010-ல் அது நோசோமி சேவையிலிருந்து இறக்கப்பட்டு, எல்லா நிலையத்திலும் நின்று போகும் கொடாமாவுக்கு அனுப்பப்பட்டது. இடத்தைப் பிடித்த என்.700-க்கு 16 பெட்டியில் 1,323 சீட். அழகு கொஞ்சம் கம்மிதான்.

அந்த 1,323 எப்படி வருது? பெட்டியின் அகலம் 3.36 மீட்டர். அதனால் ஒரு வரிசையில் 3+2 சீட் போட முடிகிறது. சீனாவும் இதே அகலத்தை எடுத்துக்கொண்டது. பழைய பாதைகளிலும் ஓடவேண்டிய ஐரோப்பிய ரயில்களுக்கு இந்த அகலம் கிடையாது, 2+2 தான். பக்கவாட்டில் வளர முடியாத பிரான்ஸ் மேலே வளர்ந்தது. 1990-களின் நடுவில் வந்த டி.ஜி.வி. டூப்ளே, இரண்டு அடுக்கு. ஒரு அச்சுக்கு 17 டன் என்ற வரம்புக்குள் இரண்டு மாடியை அடக்க அலுமினியத்துக்கு மாற வேண்டியிருந்தது. 2013-ல் வந்த மலிவு விலை உய்கோ சேவை, அதே இரண்டடுக்குப் பெட்டியில் முதல் வகுப்பையும் சிற்றுண்டிக் கடையையும் எடுத்துவிட்டு 634 சீட் போட்டது. நம்ம ஷேர் ஆட்டோ கணக்குதான், கொஞ்சம் நாகரிகமாக.

ஜப்பானிலும் இரண்டடுக்கு இருந்தது. இ-4 மேக்ஸ், இரண்டு ரயிலைச் சேர்த்தால் 1,634 சீட். முன்பதிவில்லாத மேல்தளத்தில் 3+3. ஆனால் வேகம் 240 கி.மீ.தான், மற்ற ரயில்களுக்கு வழிவிட்டே நேரம் போச்சு. 2021-ல் ஓய்வு கொடுத்துட்டாங்க. சீனா மட்டும் வேறொன்று செய்தது. தூரம் அதிகம் என்பதால் அதிவேக ரயிலிலேயே படுக்கைப் பெட்டிகள் வைத்தது.

ஏ.சி. நின்றுபோனால்?

இது நமக்கு ரொம்ப முக்கியம். 2010 ஜூலையில் ஜெர்மனியில் வெயில் கொளுத்தியது. ஒரு ஐ.சி.இ. ரயிலில் ஏ.சி. செயலிழந்தது. ஜன்னல் திறக்காது, அடைத்த பெட்டி. பள்ளி மாணவர்கள் மயங்கி விழ, பீலெஃபெல்ட் நிலையத்தில் நிறுத்தி அவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோனாங்க. விசாரித்தால், அந்த ஏ.சி. 32 டிகிரி வெளி வெப்பம் வரைக்கும்தான் டிசைன் செய்யப்பட்டிருந்தது. ஜெர்மனிக்கு அது போதும்னு நினைச்சிருக்காங்க.

32 டிகிரி என்பது அகமதாபாத்தில் காலை 9 மணி வெயில். அங்கே மே மாதம் 45-ஐத் தொடும். கூடவே தூசு, பருவமழை ஈரம். வெளிநாட்டுப் பெட்டியை அப்படியே இறக்கினால் போதாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். ஏ.சி.யைப் பெரிசாக்கினால் எடை கூடும், எடை கூடினால் அச்சின் பாரம் கூடும். மறுபடியும் போகியில் போய் நிற்கும்.

அப்போ சென்னை, பெங்களூரு திட்டத்தில் என்ன கேட்கணும்?

வந்தே பாரத் 2018-ல் ஐ.சி.எஃப்.பில் உருவானது. சோதனையில் 180 கி.மீ. தொட்டது. அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் 160, பெரும்பாலான பாதைகளில் ஓடுவது 130 வரைதான். அது இரும்பு உடம்பு. அலுமினிய உடம்பில் 100 வந்தே பாரத் செய்யும் டெண்டர் ஒன்று வந்தது, 2024-ல் ரத்தானது. ஆக, 160-லிருந்து 280 என்பது வேக முள்ளில் மட்டும் 120 கி.மீ. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்பில் கூடும் என்பதால், உண்மையில் அது சுமார் மூன்று மடங்கு.

மும்பை - அகமதாபாத் பாதைக்கு முதலில் பேசப்பட்டது ஜப்பானின் இ-5 ரயில். மணிக்கு 320 கி.மீ. உள்நாட்டு ரயிலைச் செய்வது அதைவிட மெதுவான வேகத்தில் தொடங்குவது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜப்பான் 210-ல் ஆரம்பித்து 320-க்கு வர சுமார் அரை நூற்றாண்டு எடுத்தது.

ஆனால் ரயில் வெளியே வரும் நாளில் நமக்குக் காட்டப்போவது மூக்கு, சுழலும் சீட், வைஃபை, விளக்கு. அன்றைக்கு யாராவது மைக்கை நீட்டும்போது கேட்க வேண்டிய கேள்விகள் வேற. போகிச் சட்டத்தை வெல்டிங் செய்வது யார், தடிமனை அளப்பது யார்? எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை சக்கரமும் அச்சும் அல்ட்ராசவுண்ட் சோதனைக்குப் போகும்? கடலுக்கு அடியிலான சுரங்கத்தில் எதிரெதிரே ரயில் போகும் அழுத்தத்துக்கு உடம்பைச் சோதித்தாச்சா? ஏ.சி. எத்தனை டிகிரி வரைக்கும், அது நின்றால் மாற்று வழி என்ன? வித்தியாசமான சத்தம் கேட்குதுன்னு ஒரு ஊழியர் சொன்னால், மேலிடத்தைக் கேட்காமல் ரயிலை நிறுத்த அவருக்கு அதிகாரம் உண்டா?

கடைசிக் கேள்விக்குத் தனிப் பணம் எதுவும் தேவையில்லை. எஷெடேயிலும் சரி, நகோயாவுக்கு முன்னாலும் சரி, யாரோ ஒருத்தர் கவனித்துச் சொன்னாங்க. ரயில்தான் நிற்கவில்லை.